சாப்ளின் நடிக்காத சாப்ளின் படம்: வீட்டார் எதிர்ப்பும் ஊர்ப்பேச்சும்

ஹாலிவுட்டின் தொடக்ககாலக் காதல் படங்களில், வீட்டாரின் எதிர்ப்பையும் ஊராரின் பழிச்சொல்லையும் வெறும் வில்லத்தனமாகக் காட்டாமல், அது மனிதர்களுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று காட்டிய படம் எது, அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது கேள்வி. ஒரே ஒரு படத்தைச் சொல்லச் சொன்னால், சார்லி சாப்ளின் எழுதி இயக்கி 1923இல் வெளியான 'எ உமன் ஆஃப் பாரிஸ்' என்ற மௌனப் படத்தைத்தான் சொல்வேன். இதைவிடப் புகழ்பெற்ற படங்களும், இதைவிட அதிகம் அழவைக்கும் படங்களும் அந்தக் காலத்தில் உண்டு. ஆனால் ஒரு பெண்ணை ஒதுக்குகிறவர்களில் பலர் அவள்மீதோ தங்கள் பிள்ளைமீதோ அன்பு இல்லாதவர்கள் அல்லர் என்பதையும், அவளை ஒருபோதும் பழிக்காத ஆள் அவளுக்கு எதையும் தரப்போகிறவன் அல்லன் என்பதையும் ஒரே கதைக்குள் வைத்துச் சொன்ன படம், நான் அறிந்தவரை, அந்தக் காலகட்டத்தில் இது ஒன்றுதான்.

படம் எடுக்கப்பட்ட சூழலை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1919இல் நடிகர்கள் மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கியிருந்தபோதும், வேறொரு நிறுவனத்துடன் செய்திருந்த ஒப்பந்தத்தின் காரணமாகச் சாப்ளினால் சில ஆண்டுகள் அதற்குப் படம் எடுத்துத்தர முடியவில்லை. ஒப்பந்தம் தீர்ந்த கையோடு, சொந்த நிறுவனத்துக்கான முதல் படமாக, தாம் நடிக்காத ஒரு முழுநீள நாடகப் படத்தை அவர் எடுத்தார். 'தவறாக எண்ண வேண்டாம், இந்தப் படத்தில் நான் தோன்றவில்லை' என்ற பொருளில் தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பையும் வைத்தார். உண்மையில், ரயில் நிலையத்தில் பெட்டியைச் சுமந்துவந்து போட்டுவிட்டுப் போகும் கூலியாளாக, அடையாளம் தெரியாத வேடத்தில், ஒரு நொடி வந்துபோகிறார். நாயகி எட்னா பர்வையன்ஸ் 1915 முதல் அவருடைய நகைச்சுவைப் படங்களில் தொடர்ந்து நாயகியாக நடித்தவர். அவரைத் தனித்த நாடக நடிகையாக நிலைநிறுத்த வேண்டும் என்ற விருப்பமும் இந்தப் படத்துக்குப் பின்னால் இருந்தது. பிரான்சில் இந்தப் படத்துக்கு 'பொதுமக்கள் கருத்து' என்ற பொருள்படும் பெயரை வைத்தார்கள். கதையின் நரம்பைத் தொட்டது அந்தப் பெயர்தான் என்பேன்.

கதை பிரான்சின் ஒரு சிற்றூரில் தொடங்குகிறது. மேரியும் ஓவியனாக வேண்டும் என்ற ஆசையுள்ள ழானும் காதலிக்கிறார்கள். பாரிசுக்குப் போய்த் திருமணம் செய்துகொள்வதாகத் திட்டம். மேரியை வளர்ப்புத் தந்தை மாடி அறையில் பூட்டி வைக்கிறார். அவள் ஜன்னல் வழியாக இறங்கி ழானுடன் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால், இப்போது வீட்டுக்குள் நுழைய முடியாதபடி கதவு அடைபட்டிருக்கிறது. வெளியே போகக் கூடாது என்று பூட்டிய அதே மனிதர், உள்ளே வரக் கூடாது என்றும் பூட்டுகிறார். இரண்டு பூட்டுக்கும் இடையில் கழிந்தது ஒரு மாலைப்பொழுது. ழான் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். அங்கே அவன் தந்தை, இந்தப் பெண் இந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று விரட்டுகிறார். ஆக, ஒரே இரவில் இரண்டு வீடுகள் அவளுக்கு இல்லை என்று ஆகிவிடுகின்றன. இதையெல்லாம் சாப்ளின் கூச்சலும் அடிதடியும் இல்லாமல், மிகக் குறைந்த சைகைகளில் முடித்துவிடுகிறார். அந்த வீட்டில் அவளுக்காகப் பரிந்து பேசுகிறவள் ழானின் தாய் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மேரியை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு, பெட்டி எடுத்துவர ழான் வீட்டுக்குத் திரும்புகிறான். தாயின் கெஞ்சலுக்குத் தந்தை சற்றே இளகும் நேரத்தில், நாற்காலியில் இருந்தபடியே அவர் உயிர் பிரிந்துவிடுகிறது. நிலையத்திலிருந்து மேரி தொலைபேசியில் அழைக்கிறாள். பயங்கரமான ஒன்று நடந்துவிட்டது, பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆள் வர, ழான் தொலைபேசியை விட்டுவிட்டுப் போகிறான். திரும்பி வருவதற்குள் அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். அவன் பின்வாங்கிவிட்டான் என்று அவள் முடிவு செய்வதில் வியப்பில்லை. அன்று மாலை முதல் எல்லோரும் அவளிடம் பின்வாங்கிக்கொண்டுதானே இருந்தார்கள்?

அடுத்து வரும் ரயில் காட்சியைத் திரைப்பட மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். ரயிலே திரையில் வருவதில்லை. நடைமேடையில் நிற்கும் மேரியின் முகத்தின்மீது, ஓடும் பெட்டிகளின் ஜன்னல் வெளிச்சம் கட்டம் கட்டமாக விழுந்து நகர்ந்து, பிறகு நிற்கிறது. அவள் முன்னே நடந்து சட்டகத்தைவிட்டு வெளியேறுகிறாள். கலிபோர்னியாவில் பிரெஞ்சு ரயிலுக்கு எங்கே போவது என்ற சிக்கலுக்கு, ஜன்னல் வடிவில் துளையிட்ட பலகையை விளக்கின் முன்னே நகர்த்தி அவர்கள் கண்டுபிடித்த வழி அது. செலவை மிச்சப்படுத்திய தந்திரம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. வண்டியும் கூட்டமும் வழியனுப்புகிறவர்களும் இல்லாததால்தான், தனி ஒருத்தி ஊரைவிட்டுப் போகிறாள் என்பது அவ்வளவு அழுத்தமாகப் பதிகிறது.

ஓராண்டு கழித்து, பாரிசில், மேரி பட்டும் நகையுமாக இருக்கிறாள். செல்வந்தன் பியேர் ரெவெலின் ஆதரவில் வாழ்கிறாள். அந்த ஆதரவு எத்தகையது என்பதைப் படம் ஓரிடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. திரைப்படம் வெறும் வணிகம், அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதன் பலத்தில் பென்சில்வேனியா, ஒஹையோ, கான்சஸ், நியூயார்க் போன்ற மாநிலங்களின் தணிக்கை வாரியங்கள் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தன. போதாக்குறைக்கு, தொடர்ச்சியான ஹாலிவுட் அவதூறுகளால் பயந்துபோன தயாரிப்பாளர்கள், 1922இல் வில் ஹேஸ் என்பவரைத் தலைவராக்கித் தங்களுக்குத் தாங்களே ஒழுக்கக் காவல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த நெருக்கடியிலிருந்து வந்ததுதான் படத்தின் மிகப் புகழ்பெற்ற சிறு காட்சி. மேரியைச் சந்திக்க ழான் அவள் குடியிருப்புக்கு வந்திருக்கிறான். பணிப்பெண் அலமாரி இழுப்பறையிலிருந்து எதையோ எடுக்கும்போது, ஓர் ஆணின் சட்டைக் கழுத்துப்பட்டை தரையில் விழுகிறது. ழான் அதைப் பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான். வசன அட்டை இல்லை, அழுகை இல்லை. அந்நாளில் கழுத்துப்பட்டை சட்டையிலிருந்து தனியே கழற்றி வைக்கக்கூடியது என்பதை இன்றைய பார்வையாளர்கள் நினைவில் கொண்டால் போதும்.

பியேராக நடித்த அடால்ஃப் மெஞ்சூதான், என் கணிப்பில், படத்தின் ஆகப்பெரிய பலம். அந்தக் காலத்துப் படங்களில் பெண்ணைக் 'கெடுக்கும்' பணக்காரன் மீசையை முறுக்குவான், கண்களை உருட்டுவான். பியேர் அப்படியெல்லாம் செய்வதில்லை. சாப்பாட்டு விடுதியின் சமையற்கட்டு வரை போய் உணவைச் சோதிக்கும் ரசனைக்காரன், நகைச்சுவை தெரிந்தவன், குரலை உயர்த்தாதவன். அவனுக்கு வேறொரு பணக்காரப் பெண்ணுடன் திருமணம் நிச்சயமாகியிருக்கும் செய்தி பத்திரிகையில் வந்து மேரி உடைந்துபோகும்போது, நம் ஏற்பாட்டில் இதனால் ஒரு மாற்றமும் இருக்காதே என்ற தோரணையில் அவளைச் சமாதானப்படுத்துகிறான். அவன் அதை ஏளனமாகச் சொல்வதில்லை, உண்மையாகவே நம்பிச் சொல்கிறான் என்பதுதான் கொடுமை. வீடு வேண்டும், பிள்ளைகள் வேண்டும், ஒருவரின் மரியாதை வேண்டும் என்று அவள் கேட்கும்போது, ஜன்னலுக்கு வெளியே தெருவில் பிள்ளைகுட்டிகளோடு சண்டையும் சச்சரவுமாகப் போகும் ஒரு குடும்பத்தைக் காட்டி, இதுவா வேண்டும் என்கிறான்.

அதே காட்சியில், இந்த வாழ்க்கை தந்தது எதுவும் எனக்கு வேண்டாம் என்று மேரி தன் முத்துமாலையைக் கழற்றித் தெருவில் எறிகிறாள். பியேர் அசையாமல் ஒரு சின்ன சாக்ஸஃபோனை ஊதிக்கொண்டிருக்கிறான். வழியோடு போகும் நாடோடி ஒருவன் மாலையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட, அதை ஜன்னலிலிருந்து பார்த்த மேரி பதறியடித்துத் தெருவில் ஓடிப் பிடுங்கிக்கொண்டு வருகிறாள். வீடு திரும்புகையில் அவளுடைய காலணியின் குதி வேறு உடைந்துபோகிறது. பியேர் சிரிக்கிறான், நாமும் சிரிக்கிறோம். கொள்கைக்காக முத்துமாலையை எறிந்த பெண்ணை எத்தனையோ படங்கள் காட்டியிருக்கின்றன. எறிந்த மாலையின் பின்னே ஓடும் பெண்ணைக் காட்டிய பிறகும் அவள்மீது நமக்குள்ள மதிப்பைக் குறையவிடாமல் வைத்திருப்பது எளிதான காரியம் அல்ல.

இனி, கேள்விக்கு நேராக வரும் பகுதி. பாரிசில் ஓவியர்கள் குடியிருக்கும் பகுதியில் ஒரு விருந்துக்குப் போகும் மேரி, தவறான கதவைத் தட்டுகிறாள், திறப்பவன் ழான். தந்தை இறந்தபின் தாயை அழைத்துக்கொண்டு பாரிசுக்கு வந்து வறுமையில் ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கையில் துக்கத்துக்கு அடையாளமான கறுப்புத் துணி இருப்பதைப் பின்னர்தான் மேரி கவனிக்கிறாள். யாருக்காக என்று கேட்கிறாள், அப்பாவுக்காக என்கிறான். எப்போது என்று கேட்கிறாள். நீ புறப்பட்ட அன்று இரவு என்கிறான். ஓராண்டாக அவள் தன்னைக் கைவிட்டவன் என்று நினைத்திருந்தவனின் கணக்கு அந்த ஒரு பதிலில் தலைகீழாகிறது. அவளுடைய ஓவியத்தைத் தீட்டச் சொல்லி அவள் பணம் தருகிறாள். பளபளக்கும் பாரிஸ் உடையில் அவள் வந்து நின்றாலும், ஊரைவிட்டுப் போன இரவில் அவள் உடுத்தியிருந்த எளிய உடையில்தான் அவன் தீட்டி முடிக்கிறான். திருமணம் செய்துகொள்வோம் என்கிறான். அவள் யோசித்து, பியேரை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து, சம்மதம் சொல்ல வருகிறாள்.

வரும் நேரத்தில் உள்ளே தாய் மகனைக் கடிந்துகொண்டிருக்கிறாள். நினைவிருக்கிறதா, அன்று இரவு கணவரிடம் இந்தப் பெண்ணுக்காகக் கெஞ்சியவள் இதே தாய்தான். இன்று அவளே தடை. ஏன் இந்த மாற்றம் என்று படம் விளக்கவில்லை; விளக்க வேண்டிய தேவையும் இல்லை. கணவரை இழந்தது அந்த இரவில். எஞ்சியிருப்பது ஒரே மகன். வந்திருக்கும் பெண்ணோ ஊரறிய இன்னொருவன் ஆதரவில் வாழ்கிறவள். மேரி மாறிவிட்டாள் என்பதைவிட, தாயின் இழப்பு அவளை மாற்றிவிட்டது என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன். தாயைச் சமாதானப்படுத்த ழான், அது ஏதோ பலவீனமான ஒரு நொடியில் சொன்னது, அவளை நான் மணக்கப்போவதில்லை என்று சொல்லிவிடுகிறான். கதவருகே நிற்கும் மேரியின் காதில் அது விழுகிறது. ழான் பொய்யன் அல்லன், துரோகியும் அல்லன். வீட்டில் அந்த நேரத்துக்குச் சண்டை ஓய்ந்தால் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லிச் சமாளிக்கும் சராசரிப் பிள்ளை. குடும்ப எதிர்ப்பு என்றால் வாசலில் தடியோடு நிற்கும் தந்தை என்றே திரைப்படங்கள் பழக்கியிருந்த காலத்தில், மகனின் வாயிலிருந்தே மறுப்பை வரவழைக்கும் தாயன்பாக அதைக் காட்டியதில்தான் இந்தப் படத்தின் துணிவு இருக்கிறது.

இதே வகைக் கதைகள் இரண்டுடன் ஒப்பிட்டால் வித்தியாசம் துலங்கும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் இளைய டூமா எழுதிய 'காமெலியா சீமாட்டி' கதையில், மகனின் எதிர்காலத்துக்காக விலகிக்கொள் என்று தந்தை வந்து கேட்கிறார். நாயகி தியாகம் செய்து விலகுகிறாள். 1921இல் நஸிமோவாவும் வேலன்டினோவும், 1936இல் கிரேட்டா கார்போவும் ராபர்ட் டெய்லரும் நடித்து ஹாலிவுட் அதைத் திரும்பத் திரும்ப எடுத்தது. அந்தச் சட்டகத்தில் பெண்ணுக்குக் கிடைப்பது தியாகி என்ற பட்டம். கிரிஃபித்தின் 'வே டவுன் ஈஸ்ட்' (1920) படத்தில், லிலியன் கிஷ் நடித்த அன்னாவைப் பண்ணை முதலாளி பனிப்புயல் இரவில் வாசலைக் காட்டி வெளியே போகச் சொல்கிறார். ஆனால் அவள் போலித் திருமணத்தால் ஏமாற்றப்பட்டவள், குற்றமற்றவள் என்று நிறுவப்பட்டதும் அவர் மன்னிப்புக் கேட்க, குடும்பம் அவளை ஏற்கிறது. சமூகத்தின் தீர்ப்பு தவறான தகவலின்பேரில் வந்தது என்பதுதான் அங்கே வாதம். தீர்ப்பளிக்கும் உரிமையை அந்தப் படம் கேள்வி கேட்பதில்லை. மேரிக்கு அப்படித் தப்பிக்க ஒரு வழி இல்லை. அவள் ஏமாற்றப்படவில்லை, பியேருடன் வாழ்வதை அவளே தேர்ந்துகொண்டாள், அதன் சுகங்கள் அவளுக்குப் பிடித்தும் இருந்தன. உலகம் கதாநாயகர்களாலும் வில்லன்களாலும் ஆனதன்று, வெறும் ஆண்களாலும் பெண்களாலும் ஆனது, அவர்கள் பிழையை அறியாதவர் பழிப்பர், அறிந்தவர் இரங்குவர் என்ற பொருளில் சாப்ளின் முகப்பில் வைத்திருக்கும் வாசகம் வெறும் அலங்காரம் அல்ல.

கதையின் பிற்பகுதியில் சாப்ளினும் பழைய நாடக மரபுக்குள் சற்று விழத்தான் செய்கிறார். மேரியும் பியேரும் இருக்கும் விடுதிக்குக் கைத்துப்பாக்கியோடு வரும் ழான், கைகலப்புக்குப் பின் வெளியேற்றப்பட்டு, அங்கேயே தன்னைச் சுட்டுக்கொள்கிறான். வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட உடலைப் பார்த்த தாய் அதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேரியைத் தேடிப் போகிறாள். மேரியோ அதற்குள் ழானின் வீட்டுக்கு வந்து, இறந்தவன்மேல் விழுந்து அழுதுகொண்டிருக்கிறாள். திரும்பி வரும் தாய் அதைப் பார்த்துத் துப்பாக்கியைக் கீழே வைக்கிறாள். தற்கொலைக்கான அவசியத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆனால் தாயாக நடித்த லிடியா நாட் என்ற நடிகையின் நடிப்பு அதைத் தாங்கிப் பிடித்துவிடுகிறது. துயரத்தை மிகையாகக் காட்டாமல், மரத்துப்போனவளாக அவர் நிற்க வேண்டும் என்பதற்காகச் சாப்ளின் அவரை வைத்துக் காட்சியை மீண்டும் மீண்டும் எடுத்தார். பின்னர் இரு பெண்களும் நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்கிறார்கள். கடைசிக் காட்சியில், வைக்கோல் வண்டியின் பின்புறம் குழந்தையுடன் அமர்ந்து மேரி ஒரு பக்கமாகப் போக, எதிரே பியேரின் மோட்டார் கார் கடந்து போகிறது. காரில் உடனிருப்பவர், அந்த மேரி என்ன ஆனாள் என்று கேட்க, பியேர் தோளைக் குலுக்குகிறான். அவள் அருகில்தான் கடந்துபோனாள் என்று இருவருக்கும் தெரியாது. நன்மைக்கு நற்பலன், தீமைக்குத் தண்டனை என்று தணிக்கைக்காரர்கள் எதிர்பார்த்த கணக்கை இந்தக் குலுக்கல் ஓசையில்லாமல் தட்டிவிடுகிறது. பியேருக்கு ஒரு தண்டனையும் கிடையாது.

படத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள், பொதுமக்கள் வரவில்லை. தொப்பியும் கைத்தடியும் இல்லாத சாப்ளின் படம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. திரைத்துறைக்குள் அதன் பாதிப்பு வேறு. இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இதைப் பெரிதும் மதித்தார்; அடுத்த ஆண்டே மெஞ்சூவை வைத்து 'தி மேரேஜ் சர்க்கிள்' எடுத்தார். பொருளால் பேசி, புருவ அசைவால் முடிக்கும் அந்தப் பாணிக்குப் பின்னாளில் லூபிட்சின் பெயரே நிலைத்துவிட்டது.

எட்னா பர்வையன்சுக்கு நேர்ந்ததைத்தான் என்னால் இந்தப் படத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடிவதில்லை. படம் வெளிவந்து சில மாதங்களில், 1924 புத்தாண்டு நாளன்று, ஹாலிவுட்டில் ஒரு செல்வந்தரின் வீட்டில், நடிகை மேபெல் நார்மண்டின் கார் ஓட்டுநர் அந்தச் செல்வந்தரைத் துப்பாக்கியால் சுட்டார். சுடப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். எட்னா அந்த இடத்தில் விருந்தினராக இருந்தார் என்பதைத் தவிர அவர்மீது குற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பத்திரிகைகள் விடவில்லை. படத்தைத் திரையிடக் கூடாது என்றும் குரல்கள் எழுந்தன. ஊர்ப்பேச்சால் ஒதுக்கப்படும் பெண்ணாக நடித்தவரை அதே ஊர்ப்பேச்சு பிடித்துக்கொண்டது. 1926இல் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க்கை இயக்குநராக வைத்து அவருக்காகச் சாப்ளின் தயாரித்த இன்னொரு படம் வெளியாகவே இல்லை. பின்னர் அதன் படச்சுருள் எரிக்கப்பட்டது. எட்னாவின் நாயகி வாழ்க்கை ஏறத்தாழ அத்துடன் முடிந்தது. 1958இல் அவர் இறக்கும்வரை சாப்ளின் நிறுவனம் அவருக்குச் சம்பளம் அனுப்பிக்கொண்டிருந்தது என்பதை, பியேரின் தோள் குலுக்கலுக்கு அடுத்து வைத்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. சாப்ளின் இந்தப் படத்தைப் பல பத்தாண்டுகள் வெளியே விடவில்லை. 1976இல் சற்றுச் சுருக்கி, தாமே இசையமைத்து மறுவெளியீடு செய்தார். அவருடைய கடைசித் திரைப்பணி அதுதான், மறு ஆண்டே காலமானார். இன்று பெரும்பாலும் கிடைப்பது அந்தப் பதிப்பு. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மௌனப் படங்களில் பழக்கம் இல்லாதவர்கள் முதலில் 'வே டவுன் ஈஸ்ட்' பார்த்துவிட்டு இதற்கு வருவது நல்லது. அதில் வாசலை நோக்கி நீளும் கிழவரின் கையைப் பார்த்தபின் இங்கே இழுப்பறையிலிருந்து விழும் கழுத்துப்பட்டையைப் பார்த்தால், மூன்றே ஆண்டு இடைவெளியில் வந்த இரு படங்களுக்கும் உள்ள தூரம் தானாகத் தெரியும்.